கைப்பட்டை வந்தால் விசைப்பலகை போகுமா?

தட்டச்சுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்தே யாராவது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தபோது சொன்னார்கள். தொடுதிரை செல்போன் வந்தபோது சொன்னார்கள். வாயால் சொன்னாலே எழுத்து விழும் வசதி வந்தபோதும் சொன்னார்கள். தென்காசியில் அப்பா தொடங்கிய தட்டச்சுப் பயிலகத்தை நான் இன்றும் நடத்துகிறேன். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு நெருங்கிவிட்டால் விடிந்ததும் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. தட்டச்சர் வேலைக்காகத் தேர்வாணையத்தின் குரூப் 4 எழுதும் பிள்ளைகளுக்கு லோயர், ஹையர் சான்றிதழ்கள் இன்றும் தேவைப்படுகின்றன.

இப்போது அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. "டீச்சர், கையில ஒரு பட்டையக் கட்டிக்கிட்டு விரல அசைச்சாப் போதும், கம்ப்யூட்டர் சொன்னதக் கேக்கும்னு சொல்லுதாங்களே. அப்போ நாங்க எதுக்கு டீச்சர் இதப் படிக்கோம்?" சுரண்டையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண் போன ஆகஸ்ட் தேர்வுக்கு முன்னால் இப்படிக் கேட்டாள். கட்டணம் கட்டி, தினமும் ஒரு மணி நேரம் உழைத்து ஒரு திறமையைக் கற்கிறவளுக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவள் சொன்ன பட்டை உண்மையானது. 2025 செப்டம்பரில் மெட்டா நிறுவனம் கண்ணாடிக்குள் சிறு திரை வைத்த ஒரு மூக்குக்கண்ணாடியை வெளியிட்டது. அதை இயக்குவதற்கு மணிக்கட்டில் கட்டும் துணிப்பட்டை ஒன்றும் கூடவே வருகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தொட்டால் ஒரு கட்டளை. ஆள்காட்டிவிரல் மேல் கட்டைவிரலைத் தேய்த்தால் இன்னொன்று. அமெரிக்காவில் இரண்டும் சேர்த்து 799 டாலர், நம் பணத்தில் 70,000 ரூபாயை ஒட்டி வரும். இதற்கு முன்பே 2023இல் ஆப்பிள் கைக்கடிகாரத்தில், கடிகாரம் கட்டிய கையின் இரு விரல்களை இரண்டு முறை தட்டினால் அழைப்பை ஏற்கும் வசதி வந்துவிட்டது. 2024இல் வந்த ஆப்பிளின் விஷன் புரோ தலைக்கருவியில் கண் பார்க்கும் இடமே சுட்டி; விரலைக் கிள்ளினால் அதுவே சொடுக்கு.

ஆக, உடம்பில் அணிந்துகொண்டு கை அசைவால் இயக்கும் கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. அவை விசைப்பலகையையும் மவுஸையும் அகற்றிவிடுமா என்பதற்கு, விரல்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. அகற்றாது. ஆனால் விசைப்பலகை இதுவரை சேர்த்துக்கொள்ளாத மனிதர்களிடம் இவை போய்ச் சேர முடியும். நம் ஊரிலிருந்து பார்த்தால் அந்த இரண்டாவது செய்திதான் பெரியது.

விரல் அறிந்த இடம்

என்னிடம் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் சொல்லித்தருவது எழுத்தை இல்லை. உட்காரும் விதத்தை. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கை உடம்பை ஒட்டியிருக்க வேண்டும். மணிக்கட்டு தொங்கக் கூடாது. அதன் பிறகு விரல்களுக்கு வீடு காட்டுவேன். இடது கை விரல்கள் ஏ, எஸ், டி, எஃப் மேல் இருக்கும். வலது கை விரல்கள் ஜே, கே, எல், அரைப்புள்ளி மேல் இருக்கும். தமிழ் இயந்திரத்தில் அதே இடங்களில் இடப்பக்கம் ய, ள, ன, க. வலப்பக்கம் த, ம, ட, புள்ளி. எந்த எழுத்தை அடிக்கப் போனாலும் விரல் திரும்பி இங்கேதான் வர வேண்டும். கம்ப்யூட்டர் விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளின் மேல் சிறு மேடு இருப்பதைத் தடவிப் பாருங்கள். கண் பார்க்காமலே விரல் தன் இடத்தைக் கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது.

இந்த அமைப்பு மூன்று வசதிகளைத் தருகிறது. முதலாவது, கைக்கு ஓய்வு. அடிக்காத நேரத்தில் கையின் எடையை மேசை தாங்குகிறது. இரண்டாவது, தெளிவு. விசை அழுந்தியதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை; நடுவில் ஒரு நிலை கிடையாது. மூன்றாவது, தொடு உணர்வு. தப்பான விசையில் விரல் விழுந்ததை, தாளில் எழுத்து தெரிவதற்கு முன்பே விரல் உணர்ந்துவிடுகிறது. நல்ல தட்டச்சர் தாளைப் பார்க்காமல் அடிக்க முடிவதற்கு இதுவே காரணம்.

மவுஸிலும் இதே குணங்கள் உண்டு. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் சொன்ன யோசனைப்படி பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் 1964இல் மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரம் வைத்து முதல் மவுஸைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை மேடையில் இயக்கிக் காட்டியபோது வலது கையில் மவுஸ் இருந்தது. இடது கையில் ஐந்தே விசை கொண்ட சிறு பலகை ஒன்று இருந்தது. ஐந்து விசைகளையும் வெவ்வேறு சேர்க்கையாக அழுத்தி எல்லா எழுத்தையும் அடிக்கலாம். கற்றவர்களுக்கு அது வேகமான கருவிதான். ஆனால் சேர்க்கைகளை மனப்பாடம் செய்தாக வேண்டும். மவுஸுக்கு மனப்பாடம் எதுவும் வேண்டாம். விட்ட இடத்தில் சுட்டி நிற்கும். கை மேசையில் கிடக்கும். மவுஸ் உலகம் முழுக்கப் போனது, ஐந்து விசைப் பலகை அருங்காட்சியகத்துக்குப் போனது. புதிய கருவி எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கை எங்கே ஓய்வெடுக்கும்? எவ்வளவு மனப்பாடம் வேண்டும்?

காற்றில் நின்ற கைகள்

கை அசைவால் கணினியை இயக்கும் ஆசை புதியதல்ல. 1980இல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் என்பவர், சுவர் அளவு திரையைக் கைகாட்டி 'அதை அங்கே வை' என்று சொன்னால் கணினி செய்யும்படி அமைத்துக் காட்டினார். 1989இல் மேட்டல் நிறுவனம் வீடியோ கேம் ஆடுவதற்கு 'பவர் க்ளவ்' என்ற கையுறையை விற்றது. துல்லியம் போதாமல் விரைவிலேயே காணாமல் போனது. 2002இல் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தில் டாம் குரூஸ் கையுறை அணிந்து காற்றில் படங்களை நகர்த்துவதைப் பார்த்த பிறகு இந்த ஆசை உலகம் முழுக்கப் பரவியது.

நம் நாட்டுக்காரர் ஒருவரும் இதில் பெரிய பெயர் வாங்கினார். குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி, எம்.ஐ.டி. மாணவராக இருந்தபோது 'சிக்ஸ்த் சென்ஸ்' என்ற கருவியை உருவாக்கினார். கழுத்தில் தொங்கும் சிறு கேமராவும் படவீழ்த்தியும், விரல் நுனிகளில் வண்ண உறைகளும் அதன் பாகங்கள். நான்கு விரலால் சட்டம் காட்டினால் படம் எடுக்கும். எந்தச் சுவரும் திரையாகும். 2009 நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா மேடையில் அவர் அதைக் காட்டியபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. செய்த செலவு சுமார் 350 டாலர்தான் என்றார். ஆனால் அது கடைக்கு வரும் பொருளாக மாறவே இல்லை.

செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிப் போனால் கேரளம். அங்கே கொச்சியில் ரோஹில்தேவ் என்ற இளைஞரின் குழு 2014இல் 'ஃபின்' என்ற மோதிரத்தை அறிவித்தது. கட்டைவிரலில் போட்டுக்கொண்டு, மற்ற விரல்களின் கணுக்களையே விசைகளாகத் தொடலாம். ஒவ்வொரு விரலிலும் மூன்று பகுதி உண்டு என்பது கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணும் நம் பாட்டிமாருக்கும் தெரியும். அழகான யோசனை, இணையம் வழியாக உலகெங்கும் இருந்து முன்பணமும் வந்தது. ஆனாலும் விசைப்பலகையின் இடத்தை அது நெருங்கவில்லை. கனடாவில் தால்மிக் லேப்ஸ் 2013இல் அறிவித்த 'மயோ' என்னும் முன்கைப் பட்டையின் விற்பனை 2018இல் நின்றது. கூகுள் 2019இல் பிக்சல் 4 போனுக்குள் சிறு ரேடாரை வைத்து, போனைத் தொடாமல் கையசைத்து இயக்கும் வசதி தந்தது. அதற்கு வேண்டிய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியாவில் அனுமதி இல்லாததால் அந்தப் போன் இங்கே விற்பனைக்கே வரவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரர்கள் முயன்றும் ஏன் நிலைக்கவில்லை? இப்போதே ஒரு காரியம் செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டி, காற்றில் எழுதுவதுபோல் விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள். சில நிமிடத்திலேயே தோள் கடுக்கும். கணினித் துறையில் இதற்குக் 'கொரில்லாக் கை' என்றே பெயர். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும் வேலையை எட்டு மணி நேர அலுவலகத்தில் எந்த மனிதத் தோளும் செய்யாது.

இன்னொரு காரணம் அசைவுக்கு எல்லைக்கோடு இல்லாதது. நாங்கள் தெற்கத்திக்காரர்கள், கை பேசாமல் வாய் பேசாது. "அந்தா அங்கன" என்று கைகாட்டாமல் வழி சொல்ல எங்களுக்குத் தெரியாது. இதில் எது கட்டளை, எது பேச்சு என்று கருவி பிரிக்க வேண்டும். ஒருமுறை தவறாகப் பிரித்தால் அனுப்பக் கூடாத கடிதம் போய்விடும். விசையில் அந்தப் பயம் குறைவு, அழுத்தினால்தான் அடிக்கும்.

முன்கையில் ஓடும் செய்தி

புதிய மணிக்கட்டுப் பட்டை இந்த இரண்டு குறைகளையும் வேறு வழியில் அணுகுகிறது. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன்.

வலது முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இடது கையால் பற்றிக்கொண்டு, வலது விரல்களை ஒவ்வொன்றாக மேசையில் தட்டுங்கள். பற்றிய இடத்தில் தசை நெளிவது தெரியும். விரலை மடக்கும், நிமிர்த்தும் பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டு வழியாக வந்து விரலை இழுக்கின்றன. மூளை 'அசை' என்று சொன்னதும் அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக நரம்பில் இறங்கித் தசையை எட்டும். தசை சுருங்கும்போது மெல்லிய மின்சாரம் எழும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பட்டையின் உட்புறத்தில் தோலைத் தொட்டிருக்கும் உலோகப் புள்ளிகள் அதைக் கேட்கின்றன. எந்த விரல், எந்த அசைவு என்று கணினி நிரல் கணிக்கிறது. மருத்துவமனையில் நரம்புக் கோளாறு கண்டறியச் செய்யும் ஈ.எம்.ஜி. பரிசோதனையும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது.

இதில் கையைக் காற்றில் தூக்க வேண்டியதில்லை. மடியில் கிடக்கலாம், சட்டைப் பைக்குள் இருக்கலாம். கேமரா வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். முன்னே சொன்ன கனடாப் பட்டையின் காப்புரிமைகளை 2019இல் சி.டி.ஆர்.எல். லேப்ஸ் என்ற நியூயார்க் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டில் அந்த நிறுவனத்தையே, இப்போது மெட்டா எனப்படும் ஃபேஸ்புக் வாங்கியது. விற்பனை நின்ற ஒரு கருவியின் அறிவு இப்படித்தான் இன்றைய மெட்டா பட்டைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

2025 ஜூலையில் 'நேச்சர்' ஆய்விதழில் மெட்டாவின் ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் தசைச் சைகைகளைக் கொண்டு பயிற்சி தந்ததால், பட்டையை முதல்முறை அணிகிறவரின் அசைவையும் அது புரிந்துகொள்கிறது என்பது பெரிய முன்னேற்றம். பேனா பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்து எழுதினால் எழுத்தாக்கும் வேகம் நிமிடத்துக்கு 20.9 சொல். ஒருவருக்கென்றே தனியாகப் பழக்கினால் எழுத்தை இனங்காணும் திறன் இன்னும் 16 சதவீதம் மேம்படும்.

இந்த எண்ணைப் படித்ததும் ஒரு தட்டச்சு ஆசிரியை என்ன செய்வாள்? தன் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஆங்கிலத்தில் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேண்டும், ஹையருக்கு 45. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தினர் கலந்துகொண்ட ஆய்வுகளில், கணினி விசைப்பலகையில் 1,68,000 பேரின் சராசரி நிமிடத்துக்கு 52 சொல்லாகவும், செல்போனில் 37,000 பேரின் சராசரி சுமார் 36 சொல்லாகவும் இருந்தன. ஆக, உலகின் மிகச் சிறந்த பட்டை இன்று என் பயிலகத்து லோயர் தேர்வில் தேறாது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. விசை இல்லாமல், மேசை இல்லாமல், தசையின் மின்சாரத்தைக் கேட்டே 20 சொல் எழுத முடிகிறது என்பது வியக்க வேண்டிய சாதனை. ஆனால் பக்கம் பக்கமாக எழுதுகிறவர், கணக்குப் பதிகிறவர், நிரல் எழுதுகிறவர் விசைப்பலகையை விட்டுவிட்டு இதற்கு மாற இப்போது காரணம் எதுவும் இல்லை.

பாதமா, பரதமா?

அந்த 20.9 சொல்லும் ஆங்கிலச் சொல். தமிழுக்கு வந்தால் என்ன ஆகும்?

தமிழ் விசைப்பலகையின் வரலாறு இதற்குப் பாடம் சொல்லும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஆர்.முத்தையா, ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்துத் தமிழுக்கும் அது வேண்டும் என்று துணிந்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். புள்ளியையும் கொக்கிகளையும் தனி விசையாக்கி, அவற்றை அடிக்கும்போது உருளை நகராதபடி செய்தார். அடுத்த எழுத்து அதே இடத்தில் விழுந்து முழு வடிவம் பெறும். அந்த நுட்பம்தான் இன்றும் என் மேசைகளில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. கணினி வந்த பிறகு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசை அமைப்பு என்று சிதறிக் கிடந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாகத்தான் 'தமிழ்99' என்ற பொது அமைப்பு கிடைத்தது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். தமிழின் இலக்கணத்தை அறிந்து செய்த அமைப்பு அது.

விரலால் எழுதிக் காட்டும் பட்டைக்கும் தமிழ் அறிந்தவர்கள் வேண்டும். 'பாதம்', 'பரதம்' இரண்டையும் வேகமாகக் கையால் எழுதிப் பாருங்கள். ரகரத்தின் அடிக்கோட்டை இழுக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றுபோல் நிற்கும். 'கொ' என்பதும் 'கெர' என்பதும் அப்படியே. நாம் இடம் பார்த்துப் படித்துக்கொள்கிறோம். பட்டைக்கு அந்த இடம் தெரிய வேண்டுமானால் தமிழர் ஆயிரக்கணக்கானோர் எழுதிய கையசைவுகள் அதற்குப் பாடமாகப் போக வேண்டும். சிறு குழந்தையின் வட்டக் கை, கணக்குப்பிள்ளையின் சாய்ந்த கை, பத்திரம் எழுதுகிறவரின் கூட்டெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேச்சைப் பொறுத்தவரை சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆய்வகம் இந்திய மொழிகளின் குரல்களைப் பொதுவில் திரட்டி வருகிறது. கையசைவுக்கும் அப்படி ஒரு முயற்சியை இப்போதே தொடங்காவிட்டால், தமிழன் தன் பட்டையில் ஆங்கில எழுத்தை எழுதித் தமிழை வரவழைக்கும் நிலைதான் மீண்டும் வரும்.

ஈரக் கையும் வேலைக் கையும்

சரி, மேசைக்கு முன்னால் உட்காராத மனிதர்களுக்கு இந்தக் கருவி உதவுமா?

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் தொடுதிரை படும் பாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேரருவியில் குளித்துவிட்டு வருகிறவர் ஈர விரலால் தேய்ப்பார். திரை அதன் போக்கில் எதையோ திறக்கும். விரல் தொடுவதால் கண்ணாடியில் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தைத்தான் அந்தத் திரை உணர்கிறது. நீர்த்துளியும் அதே மாற்றத்தைச் செய்துவிடுகிறது. பிரானூர் பார்டரில் பரோட்டா வீசும் மாஸ்டரின் கையில் எண்ணெயும் மாவும் இருக்கும்; போன் அடித்தால் எடுக்க முடியாது. மணிக்கட்டில் பட்டை இருந்தால் விரலை இரண்டு தட்டுத் தட்டி எடுத்துவிடலாம். ஆனால் ஈரமும் வியர்வையும் பட்டைக்கும் தோலுக்கும் இடையே உள்ள தொடர்பை மாற்றும். அடுப்பு அனலுக்கும் குற்றாலச் சாரலுக்கும் தாங்குகிற பட்டையைச் செய்பவர்தான் இங்கே விற்க முடியும்.

பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். கடையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கம் திண்ணைக்குத் திண்ணை சுளவை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி, மடக்கி, நூல் கட்டும் வேகத்தில் கண் ஓடாது. அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விரல் பயிற்சி தருவது எனக்கு எளிது. விரல்களைத் தனித்தனியாக இயக்கும் பழக்கம் சிறு வயதிலேயே வந்திருக்கும். அவர்களின் தாய்மார் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். பாட்டை மாற்றக் கையை எடுத்தால் எண்ணிக்கை குறையும், கூலி குறையும். பட்டை அவர்களுக்கு உதவக்கூடிய பொருள்தான். ஆனால் கிள்ளுவதும் உருட்டுவதும்தான் அவர்கள் வேலையே. அதே அசைவைக் கட்டளையாக வைத்திருக்கும் கருவி அவர்கள் கையில் நிமிடத்துக்கு நிமிடம் தப்பாகக் கேட்கும். கலிஃபோர்னியா அலுவலகத்தில் ஓய்வாக இருக்கும் கையை வைத்து வகுத்த அசைவுகள், உழைக்கும் கைக்கு அப்படியே பொருந்தாது. இங்குள்ள கைகளைப் பார்த்து வேறு அசைவுகளை வகுக்க வேண்டும்.

ஆய்க்குடியிலிருந்து தொடங்க வேண்டும்

இந்தக் கருவி முதலில் யாருக்குப் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆய்க்குடியைக் காட்டுவேன்.

எஸ்.ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் இயக்கத்தை இழந்தார். ஊர் திரும்பிய அவர், 1981இல், ஐ.நா. அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் அமைந்த சங்கம் அது. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் எஸ்.சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். இன்று தண்டுவடம் பாதித்தவர்களின் மறுவாழ்வு முதல் குழந்தைகளின் ஆரம்பகாலச் சிகிச்சை வரை அங்கே நடக்கிறது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது இந்தப் பகுதியே பெருமைப்பட்டது.

தண்டுவடம் பாதித்த பலருக்கு, விரல் அசையாதபோதும் மெல்லிய செய்தி தசை வரை வந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செய்தியைப் பட்டையால் கேட்க முடியும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மெட்டாவுடன் சேர்ந்து தண்டுவடக் காயம் உள்ளவர்களிடம் இதை ஆராய்கிறது. காயம் முழுமையாக இருந்தால் கைக்குச் செய்தி வராமலும் போகலாம். அப்போது தோளிலோ முகத்திலோ இயங்கும் தசையைக் கேட்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் ஒரே பட்டை பொருந்தாது. ஆனால் ஒரு விரல்கூட அசைக்க முடியாதவர் தாமே ஒரு கடிதம் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனாலும் அது அவருடைய கடிதம். அவரிடம் போய் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கேட்பது பொருளற்றது.

இப்படித் தொடங்குவது இரக்கத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். தட்டச்சு இயந்திரமே அப்படித்தான் பிறந்தது. 1808 வாக்கில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் பார்வை இழந்த தம் தோழி கரோலினா ஃபான்டோனி கடிதம் எழுதுவதற்காக ஒரு இயந்திரம் செய்து தந்தார். வரலாற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய தட்டச்சு இயந்திரங்களில் அது ஒன்று. ஆப்பிள் கடிகாரத்தின் விரல் சைகையும் 2021இல் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியாகத்தான் முதலில் வந்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகே எல்லோருக்குமான வசதியாக விளம்பரம் பெற்றது. மிகக் கடினமான தேவை உள்ளவருக்காகச் செய்தது மற்றவர்களுக்கும் எளிதில் பொருந்துகிறது.

இதற்கு வேண்டிய அறிவு நம் மாநிலத்தில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசனின் குழு, உட்கார்ந்திருப்பவரை நிற்க வைக்கும் 'அரைஸ்' சக்கர நாற்காலியை 2019இல் கொண்டுவந்தது. பேச முடியாத குழந்தைகள் படத்தைத் தொட்டுப் பேசும் 'ஆவாஸ்' கருவியைச் சென்னையின் இன்வென்ஷன் லேப்ஸ், வித்யாசாகர் அமைப்போடு கலந்து உருவாக்கியது. பயன்படுத்துகிறவர்களோடு உட்கார்ந்து செய்ததால் அவை நிலைத்தன. இதற்கு மாறாக, நம் பொறியியல் கல்லூரிகளில் வருடந்தோறும் இறுதியாண்டுப் பிள்ளைகள் சைகை மொழியைப் பேச்சாக்கும் கையுறை ஒன்றைச் செய்கிறார்கள். உழைப்பு உண்மையானது. ஆனால் சைகை மொழியில் முகபாவமும் புருவமும் உடல் சாய்வும்கூட இலக்கணம். காது கேளாதவர் ஒருவரையாவது குழுவில் சேர்த்துக்கொண்டால் அந்தக் கையுறை எங்கே பயன்படும், எங்கே படாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

தென்காசிக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு மத்தளம்பாறையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு, அங்கே மென்பொருள் அலுவலகமும் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் பள்ளியும் நடத்தி வருவதை எல்லோரும் அறிவோம். என்னிடம் லோயர் முடித்த பிள்ளைகளும் மென்பொருள் கற்கப் போயிருக்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஒரு பக்கம், கருவி இல்லாமல் தவிக்கும் மனிதர்கள் இன்னொரு பக்கம், இடையில் அரை மணி நேர பஸ் பயணம். உலகத்தில் இப்படி ஒரு அமைப்பு எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

சுரண்டைப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். விசைப்பலகை உன் காலத்தில் போகாது. விரல் ஓய்வெடுக்கவும், தெளிவாக அடிக்கவும், பார்க்காமல் உணரவும் இதைவிட நல்ல இடம் இன்னும் யாரும் செய்யவில்லை. மவுஸின் வேலையில் ஒரு பகுதியைப் பட்டையும் பார்வையும் எடுத்துக்கொள்ளும். நடக்கும்போதும் நிற்கும்போதும் செய்யும் சிறு வேலைகள் அவற்றுக்குப் போகும். நீ ஹையரையும் எழுது. பட்டை செய்யும் கூடத்தில் உனக்கு ஒரு நாள் வேலை கிடைத்தால் மூன்று காரியங்களுக்காக வாதாடு: அது தமிழை எழுதத் தெரிந்திருக்க வேண்டும், உழைக்கும் கையின் அசைவு அதற்குப் புரிய வேண்டும், விற்பனைக்குப் போகும் முன் ஆய்க்குடியில் சோதிக்கப்பட வேண்டும். கைகளைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு, கருவி செய்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல நீ அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும்.